'நிறுத்து' என்றவனைக் காப்பாற்றுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் குவாரி, மணல், சுரங்க வேலையிட மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேற்பார்வையாளர்களே,



ரவாங், காஜாங், செமினி பக்கத்துக் கல் குவாரிகளிலும், மணல் அள்ளும் இடங்களிலும், சுரங்கம் குடையும் வேலையிடங்களிலும் சூப்பர்வைசராகவோ மண்டோராகவோ ஷிப்ட் பொறுப்பாளராகவோ பாதுகாப்பு அதிகாரியாகவோ நிற்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் எழுத வேறு பலர் இருக்கிறார்கள். காலை ஏழரை மணிக்கு ஆட்களை நிறுத்தி, யார் கிரஷருக்கு, யார் லாரிக்கு, யார் மலையடிக்கு என்று பிரித்துவிடுகிறவர் நீங்கள். 'இது சரியில்லை' என்று சொல்ல ஒரு தொழிலாளி வாயெடுக்கும்போது அவன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் மீதியைச் சொல்வதா, விழுங்குவதா என்று முடிவு செய்கிறான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆபத்து என்று பட்டு வேலையை நிறுத்துகிற தொழிலாளியை நீங்கள் காப்பாற்ற வேண்டும். அவன் கணித்தது தவறாகிப் போனாலும் காப்பாற்ற வேண்டும். தலைக்கவசம், சப்பாத்து, சட்டைமேல் போடும் ஒளிரும் மேலங்கி எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. இந்த ஒன்று இல்லாத இடத்தில் அவற்றால் பெரிய பயன் இல்லை என்பதை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டேன்.

நாம் நிற்கும் மண்ணின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றுவழியே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் 18 பேர். மேலும் 150 பேர் அனுப்பப்பட்டார்கள், வேலை தொடர்ந்தது, ஈயம் வந்தது, கோலாலம்பூர் உருவானது. இந்த நகரத்தின் பிறப்புக் கணக்கிலேயே ஒரு பெரும் வேலையிட மரணம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த 69 பேரின் பெயரை நாம் யாரும் அறியோம்.

ரவாங்கைப் பாருங்கள். 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரம் வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் இடம் அதுதான். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். நமக்குப் பெருமைதான், ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. உற்பத்திக்கு எது தேவைப்பட்டதோ, அதற்குப் பணமும் அறிவும் துணிச்சலும் இந்த மண்ணில் எப்போதும் கிடைத்திருக்கின்றன. ஒரு சுரங்கத்துக்காக மின்சாரத்தையே கொண்டுவர முடிந்தவர்கள் நாம். ஆகவே 'பாதுகாப்புக்கு வழியில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனம் வைத்தால் வழி உண்டு.

அடுத்து பத்து ஆராங். ரவாங்கிற்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பழைய புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. ஜே. ஏ. ரஸ்ஸலின் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915-இலிருந்து 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டியது. திறந்த குழியிலும் வெட்டினார்கள், தரைக்கடியில் குடைந்தும் வெட்டினார்கள். ரயில் ஓடியதும் பங்சார் மின்நிலையம் எரிந்ததும் அந்தக் கரியில்தான். அது காற்றுப் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் இனம். அப்படிப்பட்ட இடத்தில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் வேலை பார்த்தார்கள். பலரை வேலைக்கு எடுத்தது நிறுவனம் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். கூலியும் அவர்கள் கையில், வேலையும் அவர்கள் கையில். 1936 நவம்பரிலும் 1937 மார்ச்சிலும் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் வெடித்தன. இரண்டாவது முறை தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் படை உள்ளே புகுந்து அதை முடித்துவைத்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அந்தப் போராட்டத்தின் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை: பேச்சு கேட்கப்படாத இடத்தில்தான் வேலை அப்படி நிற்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து நம் கிள்ளானிலேயே அதே கதை நடந்தது. 1941-இல் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னே நின்றார். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர் அவர். கூலி உயர்வு மட்டும் கோரிக்கை அல்ல. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. 1941-இல் இதைக் கேட்டதற்கு நாடு கடத்தல் தண்டனை. 1994-இல் வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதையே சட்டமாக்கியது: வேலையிடம் பாதுகாப்பாக இல்லை என்று புகார் செய்த தொழிலாளியை நீக்கவோ அவன் நிலையைத் தாழ்த்தவோ முதலாளிக்கு உரிமை இல்லை. அந்தச் சட்டத்துக்கும் உயிர்கள் விலையாகப் போயின. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அதன் பிறகு எழுந்த கேள்விகளும் அந்தச் சட்டத்துக்கு வழிவிட்டன.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் வேலையிடத்தில் வாய் திறக்காமல் இருப்பதை 'இவன்களுக்கு அக்கறை இல்லை' என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. தோட்டத்தின் காலைப் பிரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடக் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். பேசினால் என்ன நடக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. இன்று உங்கள் முன்னால் நிற்கும் வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார், இந்தோனேசியத் தொழிலாளிக்கு அந்தப் பயம் இன்னும் பெரியது. அவன் வேலை பெர்மிட் முதலாளி பெயரில் இருக்கிறது. ஊரில் கடன் இருக்கிறது. நம் தாத்தா நின்ற இடத்தில் அவன் நிற்கிறான். கங்காணி நின்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இது குற்றச்சாட்டு அல்ல. அந்த இடத்தில் நின்று வேறுமாதிரி நடக்க உங்களால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம்.

குவாரியில் கையையும் உயிரையும் அதிகம் கேட்கும் இடங்களில் ஒன்று கன்வேயர் பெல்ட்டின் வால் உருளை. கிரஷரிலிருந்து விழும் கல் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும். சிந்திய கல் குவிந்தால் பெல்ட் ஒரு பக்கம் இழுக்கும், கிழியும். அதைத் தள்ளிவிட ஒருவன் மண்வெட்டியோடு குனிவான். பெல்ட்டை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. நிறுத்தினால் நேரம் போகும் என்று, ஓடும்போதே செய்வார்கள். விநாடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் ஓடும் பெல்ட் உருளைக்குள் நுழையும் இடத்தில் கையுறை நுனி சிக்கினால், சிக்கியது மூளைக்கு எட்டுமுன் முழங்கை உள்ளே போயிருக்கும். அதற்காகத்தான் பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடுகிறது. எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட் நிற்கும்.

நான் வேலை பார்த்த ஒரு குவாரியில் நேப்பாளித் தொழிலாளி ஒருவர் அந்தக் கயிற்றை இழுத்தார். உருளைப் பக்கம் ஒரு கையுறை சுழல்வதைப் பார்த்திருக்கிறார். அதற்குள் கை இருக்கிறது என்று நினைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் வெறும் கையுறை. பெல்ட் கல்லோடு நின்றுவிட்டது. பாரத்தோடு அதைக் கிளப்ப முடியாது. மண்வெட்டியால் கல்லை வாரிக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டினார்கள். அரை ஷிப்ட் போயிற்று. மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நிற்கும்போது சூப்பர்வைசர், "சியாப்பா தாரிக்?" என்று மலாயில் கத்தினார், யார் இழுத்தது என்று. இழுத்தவர் யாரென்று அவருக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் அவர் கை தூக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார். கை தூக்கினார். பெல்ட்டைத் தனியாகக் காலி செய்ய முடியுமா, அன்றைய டன் கணக்கை உன் சம்பளத்தில் கழிக்கவா என்றெல்லாம் வசை தொடர்ந்தது.

அதன் பிறகு அந்தக் கயிற்றை யாரும் இழுக்கவில்லை. சில வாரம் கழித்துச் சுற்றிவரும்போது பார்த்தேன்: கயிறு தவறுதலாகக்கூட இழுபடாதபடி, சுவிட்சின் நெம்புகோலை யாரோ மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியை அவிழ்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஆட்கள் மறுபடி வாய் திறக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

அன்று காலை அந்தச் சூப்பர்வைசர், "கை என்று நினைத்து இழுத்தாயா? சரியாகத்தான் செய்தாய். அடுத்த தடவையும் இழு" என்று சொல்லியிருந்தால் அந்தக் குவாரிக்கு நஷ்டம் அரை ஷிப்டோடு முடிந்திருக்கும். கயிறு கயிறாக இருந்திருக்கும். பிறகு அமைதியாக உட்கார்ந்து, உருளைக்கு வலைத்தடுப்பு ஏன் இல்லை, கழன்ற கையுறை அங்கே எப்படிப் போனது என்று விசாரித்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கையுறை அங்கே போயிருக்கிறதென்றால், கையும் அங்கே போகிறது என்றுதானே பொருள்?

மலையடி வேலைக்கு வாருங்கள். நம் ஊரில் மாலை மழை தெரியாதவர் இல்லை. கருங்கல் முகப்பின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கினால் கல் தளரும். பெரிய பாறை பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. முன்னால் சிறுகல் உதிரும், மண் தூறும், உச்சியில் புது வெடிப்பு தெரியும். எக்ஸ்கவேட்டர் கூரையில் கூழாங்கல் தட்டும் சத்தத்தை முதலில் கேட்பவன் அதை ஓட்டுகிறவன். அலுவலகத்தில் இருக்கும் எந்த இஞ்சினியருக்கும் அந்தச் சத்தம் கேட்காது. அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு ரேடியோவில் கூப்பிட்டால் உங்களிடமிருந்து என்ன பதில் வருகிறது? "லாரி மூன்று நிற்கிறது, இந்த லோடை முடித்துவிட்டு வா" என்பதா?

தமிழ்நாட்டில் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள்; நான்கு பேர் இறந்தார்கள். பாறை மேலும் சரிந்துகொண்டே இருந்ததால் மீட்புப் படையால் உடனே நெருங்க முடியவில்லை. மீட்பு வேலை நாட்கணக்கில் இழுத்தது. 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் போனார்கள். நம் சொந்த ஊர்ப் பக்கம் இப்படி நடக்கும்போது செய்தி கேட்டு உச்சுக் கொட்டுகிறோம். அதே கருங்கல், அதே மழை, அதே 'இந்த லோடை முடித்துவிட்டு வா' இங்கேயும் இருக்கிறது.

எச்சரிக்கை கிடைத்தும் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தைப் போல் தெளிவான சான்று வேறில்லை. 2010 நவம்பர் 19-ஆம் தேதி அந்த நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். பின்னர் விசாரித்த அரச ஆணையம் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தது. வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வாயு வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள். அதற்குக் குறைவான, ஆனாலும் ஆபத்தான அளவு என்று மேலும் 27 அறிக்கைகள். தொழிலாளிகள் பார்த்தார்கள், எழுதினார்கள், கொடுத்தார்கள். எல்லாம் காகிதத்தில் இருந்தன. மேலே இருந்தவர்கள் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த 48 நாட்களில் யாராவது ஒருவர் ஓர் அறிக்கையைக் கையில் எடுத்து 'இன்று யாரும் உள்ளே போக வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் 29 குடும்பங்கள் தப்பியிருக்கலாம்.

இப்போது நம் நாட்டுச் சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கும் வலுவைப் பற்றி. 2022-இல் திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவு சொல்வது இது: உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது. இப்போது 500,000 ரிங்கிட். வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று தலைமை நிறுவனம் கைகழுவ முடியாது. அதற்கும் கடமை உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் வேண்டும்; 40 பேரோ அதற்கு மேலோ என்றால் பாதுகாப்புக் குழு வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புக்குள் வந்துவிட்டார்கள்.

பத்து ஆராங் தொழிலாளிக்கும் கிள்ளான் தோட்டத் தொழிலாளிக்கும் இல்லாத உரிமைகள் இவை. ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். தொழிலாளி விலகலாம் என்கிறது. அதற்கு முன் முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லை என்பது தெரிய வேண்டும். முதலாளிக்கு அந்தச் செய்தி யார் வழியாகப் போகும்? உங்கள் வழியாகத்தான். நீங்கள் காதில் வாங்காவிட்டால் அந்தப் பிரிவு வெறும் தாள். நீங்கள் வாங்கிக்கொண்டால் அது உயிர் காக்கும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 'நானும் சம்பளக்காரன்தானே, மேலே இருந்து டன் கணக்குக் கேட்கிறார்கள்' என்பீர்கள். உண்மை. அதனால்தான் எழுத்தில் வையுங்கள் என்கிறேன். எந்த நேரம், என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும். உற்பத்தி குறைந்ததற்கு விளக்கம் கேட்கப்படும்போது அது உங்களைக் காக்கும். எழுதாமல் ஓட்டி, ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான். அப்போது டன் கணக்குக் கேட்டவர் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

'இப்படி விட்டால் சோம்பேறிகள் சும்மா சும்மா நிறுத்துவார்கள்' என்பீர்கள். என் அனுபவத்தில் அது நடந்ததே இல்லை. நாள் சம்பளத்துக்கும் ஓவர்டைமுக்கும் வந்தவன் வேலை நிற்பதை விரும்புவதில்லை. தவறாக நிறுத்தினாலும் போவது ஒரு மணி, இரண்டு மணி. நிறுத்த வேண்டியபோது நிறுத்தாமல் விட்டால் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷின் அதிகாரி வந்து தடை உத்தரவு ஒட்டுவார். வாரக்கணக்கில் மொத்த இடமும் நிற்கும். போன ஆள் திரும்பி வர மாட்டான்.

'எங்களிடம் விபத்தில்லா நாட்கள் பலகை இருக்கிறது' என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பலகையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். எண் ஏறினால் போனஸ், இறங்கினால் திட்டு என்று வைத்தால், நசுங்கிய விரலோடு ஆள் தனியார் கிளினிக்குக்குப் போவான். பதிவில் 'காய்ச்சல் விடுப்பு' என்று எழுதப்படும். நான்கு நாட்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தை டோஷுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறைத்தால் சட்டக் குற்றம் ஒரு பக்கம். அந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டிய சொக்சோ பணமும் போகும். விரல் நசுங்கிய அதே இடத்தில் அடுத்தவன் கை வைப்பான் என்பது எல்லாவற்றையும்விடக் கொடியது.

இன்னொரு விபத்து பலகையில் ஏறுவதே இல்லை. அது கருங்கல் தூசி. துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் அந்த நுண்தூசி நுரையீரலில் தங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தழும்பாக்கும். மூச்சு வாங்குவது தெரியும்போது ஆள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருக்கலாம்; வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் ஊருக்கே போயிருப்பான். தண்ணீர் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டது என்று ஒருவன் சொன்னால், அதுவும் வேலையை நிறுத்த வேண்டிய ஆபத்துதான். கண்ணுக்கு முன்னால் ரத்தம் இல்லை என்பதற்காக ஒத்திப்போடாதீர்கள்.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது? நான் பார்த்துப் பலன் கண்டவை இவை.

முதலாவது, காலைக் கூட்டத்தில் நீங்கள் பேசுமுன் அவர்களைப் பேசவிடுங்கள். 'நேற்று உங்களைப் பயமுறுத்திய விஷயம் என்ன?' என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விடாமல் கேளுங்கள். வங்காளமோ நேப்பாளியோ உங்களுக்குத் தெரியாவிட்டால், மலாய் நன்றாகப் பேசும் ஒருவரை அவர்களிலிருந்தே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். புரியாத மொழியில் படித்துக்காட்டி வாங்கிய கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

இரண்டாவது, வேலையை நிறுத்தியவனுக்கு முதலில் நன்றி, விசாரணை பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. நன்றியை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். திருத்த வேண்டியது இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, யாருக்கும் அடிபடாமல் தப்பிய சம்பவங்களுக்கு ஒரு புத்தகம் வையுங்கள். எழுதத் தெரியாதவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் அதற்கு என்ன செய்தீர்கள் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். செய்ய முடியவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள். பதில் வராத புத்தகத்தில் இரண்டாம் தடவை யாரும் எழுத மாட்டார்கள்.

நான்காவது, பெல்ட்டிலோ கிரஷரிலோ கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, வேலை செய்பவனே தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும், முதலாளியே வந்து நின்றாலும், அந்தப் பூட்டை அவனைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. ஒரு தொழிலாளியின் சொல்லுக்கு இரும்பில் செய்த உருவம் அது. நீங்கள் அதை மதிப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நிறுத்திய நேரத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள், தொழிலாளி பெயரில் எழுதாதீர்கள். 'மேற்பார்வையாளர் முடிவின்படி நிறுத்தப்பட்டது' என்று போடுங்கள். பெர்மிட் பயத்தில் இருக்கும் ஒருவனுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு இதுதான்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. தலைமையகத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஷிப்டில், உங்கள் ஆட்களிடம், நீங்களே தொடங்கலாம்.

பாதுகாப்பு அதிகாரிகளாக இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சான்றிதழும் கணினியில் நிறைந்த படிவங்களும் உங்களை அலுவலகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மழை விட்ட மறுநாள் காலை மலையடியில் நில்லுங்கள். எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரோடு தேத்தண்ணீர் குடியுங்கள். சூப்பர்வைசருக்கும் தொழிலாளிக்கும் இடையே தகராறு வந்தால், நிறுத்தியவன் பக்கம் நில்லுங்கள். அதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம். உங்கள் படிப்புக்கு இதைவிட நல்ல பயன் வேறு கிடையாது.

1857-இல் காய்ச்சலில் விழுந்த 69 பேருக்காகப் பேச யாரும் இருக்கவில்லை. 1941-இல் பேசியவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். இன்று பேசலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பேசுகிறவனுக்கு முன்னால் நிற்பவர் நீங்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லுங்கள்: "ஆபத்து என்று பட்டால் நிறுத்து. என்னைக் கேட்க வேண்டாம். நிறுத்திவிட்டுக் கூப்பிடு. பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு." சொன்னபின், முதல் ஆள் நிறுத்தும் நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அந்த ஒரு நாளில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் முடிவு செய்வார்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஓய்வுபெற்ற ஒரு குவாரிப் பாதுகாப்பு அதிகாரி,
கிள்ளான்.